கையை இறக்கச் சொல்லும் வரை

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நெல்லியாளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். வாசற்படியில் நின்றால் கீழே தேயிலை ஃபேக்டரியின் கேட் தெரியும். சாயங்காலம் சங்கு ஊதியதும் அம்மா அந்த கேட் வழியாகத்தான் வெளியே வருவாள். மழைக்காலத்தில் அந்த நேரத்துக்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி ஆட்களை மூடிவிடும். மூட்டத்துக்கு மேலே கைகள் மட்டும் தெரியும். வரிசையாக, ஜோடி ஜோடியாக, மேலே தூக்கிய கைகள். அதில் ஒரு ஜோடி அம்மாவுடையது, என்னைப் பார்த்துத்தான் தூக்குகிறாள் என்று நினைத்து நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன். அந்தப் பக்கம் ஒரு கைகூட ஆடாது. ரொம்ப நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

கவனித்த அன்றைக்குப் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு சங்கு ஊதினால் வாசலுக்கு வரமாட்டேன்.

பெரியவளான பிறகுதான் விஷயம் புரிந்தது. அம்மாவுக்குத் தூள் சலிக்கிற அறையில் வேலை. பெண்கள் தூளை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சந்தேகம். அதனால் வேலை முடிந்து வருகிற ஒவ்வொருத்தியும் கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கென்றே இருந்த ஒரு பெண் தடவிப் பார்ப்பாள். கொண்டை, பின்கழுத்து, ரவிக்கையின் ஓரம், இடுப்பு மடிப்பு. எங்கள் வீட்டில் குடித்தது என்னவோ கடையில் காசு கொடுத்து வாங்கின தூள்தான். அதுவும் இருக்கிறதிலேயே மட்டமானது.

இதையெல்லாம் அம்மா ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. லயத்தில் மற்றவர்களும் சொன்னதில்லை. தினமும் மழை பெய்கிற ஊரில் மழையைப் பற்றி யார் பேசுவார்கள்?

இப்போது நான் குன்னூரில் இருக்கிறேன். மார்க்கெட்டுக்கு இறங்கும் படிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கேத்தியில் கேரட் எடுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறவர். கோயம்புத்தூர்க் குடும்பம். கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். எனக்கு அந்தப் பொறுமை ஒட்டவே இல்லை. எனக்கு வாய் நீளம் என்பது இரண்டு வீட்டாரும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள்.

அம்மா சிலோனில் பிறந்தவள். அங்கேயும் தேயிலைத் தோட்டம், அங்கேயும் ஃபேக்டரி, அங்கேயும் அதே மாதிரி ஒரு கேட். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அம்மாவுக்கு இங்கே என்று ஆயிற்று. கல்யாணமாகிப் போயிருந்த அவள் தங்கச்சிக்கு அங்கேயே என்று ஆயிற்று. ஸ்டேஷனில் கோச்சி, அவர்கள் ரயிலைச் சொல்வது அப்படித்தான், நகர்ந்தபோது பிரிந்தவர்கள், அப்புறம் நேரில் பார்க்கவே இல்லை. ஃபோனில் படம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் என் சின்னம்மாவின் முகத்தை நானே பார்த்தேன். திரையில் பாதி நேரம் அவளுடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரியும். ஃபோனை அவ்வளவு கிட்டத்தில் வைத்துத்தான் பார்ப்பாள்.

“எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே போகுது அக்கா,” என்றாள் ஒரு நாள். “போனது திரும்ப வராதுன்டு டாக்டர் சொல்லிட்டாரு. முழுசா இருட்டுறதுக்குள்ள ஒன் மூஞ்சிய ஒருக்கா நேருல பாத்துக்கிறன். இந்தப் பொட்டியில ஒன்னும் வெளங்க மாட்டேங்குது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தேன், விசாவுக்கு அலைந்தேன், நானும் கூடப் போவதாக முடிவு பண்ணி டிக்கெட் போட்டேன்.

மலை இறங்கி, சமவெளியில் இருக்கிற விமான நிலையத்துக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரர் வாசலில் இறக்கிவிட்டார். அங்கே துப்பாக்கியோடு நின்ற காவலரைக் கண்டதுமே அம்மாவின் கைகள் மேலே போய்விட்டன. நான் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டேன். எந்த கேட்டைப் பார்த்தாலும் அவளுக்குத் தோள் கொஞ்சம் உயரும். ஆஸ்பத்திரி வாசலிலும் அப்படித்தான். வயசானவர்களின் சேஷ்டை என்று நாங்கள் கேலி பண்ணிப் பழகியிருந்தோம்.

உள்ளே சோதனை நடக்கிற ஹாலுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளை வெளிச்சம். குன்னூர்க்காரியான எனக்கே நடுங்குகிற குளிர். அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. பெல்ட்டை, வாட்சை, வளையலைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், கைக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு தாய். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தூக்கிய கை ஒன்றுகூட ஆடவில்லை. சின்ன வயசில் வாசலை விட்டு ஓடினேனே, அந்தப் பயம் அப்படியே திரும்பி வந்தது.

அம்மா உலோகம் கண்டுபிடிக்கிற அந்த வாசலுக்குள் நுழைந்தாள். அது கத்தியது. திரும்ப வரச் சொன்னார்கள். மறுபடி கத்தியது. ரவிக்கைக் கொக்கியை விட்டால் அவள் உடம்பில் குண்டூசி அளவுக்கு உலோகம் கிடையாது. தாலியும் கம்மலும் அப்பாவோடு போயின. கத்தி ஓய்ந்த பிறகு, வாசலுக்குள் யாருமே இல்லாத நேரத்தில், அது தானாக இன்னொரு தடவை கத்தியது. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாசலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பெண்களுக்கான திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்.

நான் இந்தப் பக்கம் நின்றேன். மற்ற பெண்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். அம்மா வரவில்லை. உள்ளேயிருந்து அந்தக் காவல்காரப் பெண்ணின் குரல், “நஹி அம்மா, நஹி, நஹி” என்று கேட்டது. கத்தல் இல்லை. கெஞ்சல். நான் தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் போய்த் திரையை விலக்கினேன்.

அம்மா பாவாடையும் ரவிக்கையுமாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். அவிழ்த்த புடவை நாலாக மடித்து ஸ்டூலின் மேல் இருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடையில் அடுக்கி வைக்கிற மாதிரி மடித்திருந்தாள். அடுத்து ரவிக்கையின் மேல் கொக்கியையும் கழற்றியிருந்தாள். அந்தக் காவல்காரப் பெண் கையில் கருவியோடு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயசு இருக்கும், பாவம். அவள் அவிழ்க்கச் சொல்லவே இல்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“அம்மா, கைய எறக்கு.”

அவள் இறக்கவில்லை. “ஹோ கயா, ஓகே, ஓகே” என்று, சோதனை முடிந்துவிட்டதாக, அந்தப் பெண்ணும் சொல்லிப் பார்த்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வரவில்லை. அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நின்றவாக்கில் புடவையைச் சுற்றிவிட்டு அவளையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“எதைத் தேடறீங்க?” என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். “என்னன்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தர்றேன்! ஆள் இல்லாதப்பவும் கத்துதே உங்க மெஷின், அத விட்டுட்டு இவங்கள ஏன் கூப்பிட்டீங்க?”

ஓர் அதிகாரி வந்தார். தன்மையான மனிதர், தமிழ்க்காரர். “மேடம், இது நடைமுறை. எல்லாரோட பாதுகாப்புக்கும்தான்.”

“எல்லாரும்னா யாரு? அந்த எல்லாருல எங்கம்மா உண்டா இல்லையா?”

பக்கத்து வரிசையில் நின்ற ஒருவர், நல்ல மாதிரியாகவே, எனக்குப் புத்தி சொன்னார். “தப்பு பண்ணலேன்னா எதுக்கும்மா பயப்படணும்? ரெண்டு நிமிஷம் நின்னா முடிஞ்சுது.” அதைச் சொல்லும்போது அவருடைய கைகள் இரண்டும் மேலே இருந்தன. காவலர் ஒருவர் அவர் தொடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா ஆயுசு பூரா தப்பு பண்ணாமத்தான் நின்னாங்க,” என்றேன். “இன்னும் முடியலையே சார்!”

எங்களை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார்கள். யாரும் அதட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். சோதனைக்கு ஏன் இடைஞ்சல் செய்தேன், சிலோனில் யார் இருக்கிறார்கள், எதற்கு இவ்வளவு கோபம் என்று ஆள் மாற்றி ஆள் வந்து, அதே கேள்விகளை அதே பணிவோடு கேட்டார்கள். தூக்கிய கை வலித்துப்போய் அம்மா உள்ளங்கைகளைத் தலையில் வைத்துக்கொண்டாள், கீழே விடவில்லை. “சத்தம் போடாத புள்ள,” என்று அந்த நிலையிலேயே என்னிடம் மெல்லச் சொன்னாள். “சத்தம் போட்டா வரிசையில கடைசிக்கு அனுப்பிருவாங்க.” எங்கள் விமானம் போய்விட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்புறம் அந்த அதிகாரி காகிதங்களை நீட்டி, “சரிம்மா, நீங்க போகலாம்” என்றார். அம்மாவின் கைகள் சட்டென்று கீழே விழுந்தன. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மலை ஏறும்போது, திரும்ப வந்து எங்களை ஏற்றிக்கொண்ட வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வாய மூடிட்டு இருந்திருக்கலாமல்லங்க அம்மிணி,” என்றார். நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. பர்லியார் தொடங்கி வீடு வரைக்கும் அவரைத்தான் வறுத்தெடுத்தேன்.

வீட்டு கேட்டைத் திறந்தேன். அம்மா உள்ளே வரவில்லை. எங்கள் சொந்த கேட். துருப்பிடித்து, தரையில் உரசிக் கிறீச்சிடுகிற பழைய இரும்பு கேட். அதற்கு வெளியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு எப்படியோ தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் சரி, துணி காயப்போட வெளியே போய் வந்தாலும் சரி, கேட்டருகே வந்ததும் கை தூக்கி நின்றுவிடுவாள். கூப்பிட்டால் கேட்காது. தொட்டால் தோளை இன்னும் கொஞ்சம் விரித்துக் கொடுப்பாள். ஒரு நாள் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். தெரு முழுக்க மூட்டம். எங்கள் வீடே தெரியவில்லை. கேட் இருக்கிற இடத்துக்கு மேலே இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை வயசில், என் வீட்டு வாசலில், என் அம்மாவைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

விடை வீட்டுக்காரர் வாயிலிருந்து தற்செயலாக வந்தது. ஒரு நாள் கேரட் மூட்டை இறக்க வேண்டிய அவசரத்தில், வழியில் நின்றவளைப் பார்த்து, “அட, போங்கத்தை, உள்ள போங்க!” என்றார். கைகள் இறங்கின. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றைக்கு அவளை விடாமல் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். “தடவிப் பாத்து முடிச்சா முதுகுல ஒரு தட்டுத் தட்டி ‘போ’ன்டு சொல்லுவாங்க. அதுக்கு முந்தி கைய எறக்க ஏலாது. எறக்குனா மறுபடி மொதல்ல இருந்து தொடங்குவாங்க. இங்க வரும்போது கப்பல்துறையிலயும் அப்படித்தான். ‘போ’ன்டாங்க, வந்துட்டேன்.”

“அந்தத் திரைக்குப் பின்னாடி புடவைய ஏம்மா அவுத்த?”

முறம் நின்றது. “தனியா ரூமுக்குக் கூப்பிட்டா அவுக்கணும். அதுக்கு மேல கேக்காத புள்ள.”

முறத்தை வாங்கி மீதி அரிசியை நானே புடைத்தேன்.

அதற்குப் பிறகு கேட்டில் ‘போங்க’ என்று சொல்வது வீட்டுக்காரரின் வேலையாயிற்று. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. சொன்னால் நான் அந்த ஃபேக்டரி கேட்டில் நின்றவள் ஆகிவிடுவேன். கடையிலும் எனக்குக் கை ஓடவில்லை. நாள் பூரா “கையத் தூக்குங்க” என்று சொல்லி அளவெடுத்துப் பிழைக்கிறவள் நான். ஒரு பெண் சொன்னவுடனே சடக்கென்று கையைத் தூக்கியபோது டேப் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்புறம் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு மனு எழுதினேன். நடைமுறைப்படியே எல்லாம் நடந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது. ஒத்துழைப்பாம்! அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனையில் முகத்தைப் பிடித்து வைக்கிற கேமரா மாட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே யார் வீட்டில் என்ன திருட்டுப் போயிற்று, நம் முகம் எங்கே போய்ச் சேரும், அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். “தப்பு பண்ணாதவங்களுக்கு என்னங்க்கா பயம்?” என்றார்கள். இந்த ஒரு கேள்வியை ஊரெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தார்களோ என்னவோ. கேமரா வந்தது.

அம்மா அதன் கீழே போனபோது நிமிர்ந்து பார்த்தாள், கையைத் தூக்கினாள், நின்றாள். வெகுநேரம் நின்றிருக்கிறாள். காய் விற்கிறவர் வந்து கடையில் சொன்ன பிறகுதான் நான் ஓடினேன். வீட்டுக்காரரை ஃபோனில் ‘போங்க’ சொல்ல வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கேமராவுக்கு வாய் இல்லை. அது ஒரு நாளும் ‘போ’ என்று சொல்லாது. அன்றிலிருந்து அம்மா தெருவில் இறங்குவதை விட்டுவிட்டாள்.

மறுபடி டிக்கெட் போடட்டுமா என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாள். அந்த வாசலுக்கு வரமாட்டாளாம். சிலோனில் சின்னம்மாவுக்கு இருட்டிக்கொண்டே வந்தது. இப்போதெல்லாம் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைப்பதில்லை, காதில்தான் வைக்கிறாள். கடைசியில் “இனி ஒன்னும் தெரியல அக்கா,” என்றாள். நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த விமானம் ஏறியிருப்போம். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பாள். அதை நினைத்துச் சமையலறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். ஆனால் இன்னொரு தடவை அந்தத் திரையை விலக்கினாலும் கத்தத்தான் செய்வேன். இரண்டும் உண்மை, நான் என்ன செய்ய?

அப்புறம் சின்னம்மாவே கிளம்பி வந்துவிட்டாள். “கண்ணு போனா என்ன, கை இருக்கு,” என்றாளாம். அவள் மகன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு மதியத்திலேயே மூட்டம் இறங்கிவிட்டது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கேட்டுக்கு உட்பக்கம் வந்து நின்றாள். டாக்ஸி விளக்கு மங்கலாக வந்து நின்றது. மகன் பெட்டிகளை இறக்க, நான் சின்னம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். எலும்பும் தோலுமாக, அம்மாவின் உயரமேதான். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்தார். அது தரையில் உரசிக் கிறீச்சிட்டது.

சின்னம்மா நின்றுவிட்டாள். என் பிடியிலிருந்து கையை உருவி, இரண்டையும் தூக்கினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கைகளும் மேலே போயின.

“சின்னம்மா, இது வீடு. நம்ம வீடு,” என்றேன். யாரும் இறக்கவில்லை. திறந்த கேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள் கையைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றார்கள். டாக்ஸிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் வழக்கம்போல வாயெடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். இத்தனை தூரம் கடல் தாண்டி வந்தவளுக்கு எங்கள் வாசலில் முதல் சொல்லாக அதுவா கிடைக்க வேண்டும்?

எவ்வளவு நேரம் போயிற்றோ, அம்மாவின் கைகள் தாமாகவே இறங்கின. யாரும் சொல்லாமல் அவை இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டடி வைத்துத் தங்கச்சியின் முன்னால் போய் நின்றாள். கொண்டையைத் தொட்டாள். பின்கழுத்து. தோள். ரவிக்கையின் ஓரம். விலா. இடுப்பு மடிப்பு. சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு, தோளை விரித்துக் கொடுத்தாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் பார்த்தது அது இல்லை. அது சோதனைதான். ஓர் இடம் விடாமல், வரிசை தப்பாமல், அவளுக்கு எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்தாள். அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் தொட வேறு வழி மறந்துபோயிருந்தது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

முடித்துவிட்டு அம்மா தங்கச்சியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். சின்னம்மா அசையவில்லை. முகத்தை லேசாகச் சாய்த்து, அந்தச் சொல்லுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை.

“வா,” என்றாள்.

சின்னம்மாவின் கைகள் இறங்கி வந்து, தட்டுத் தடுமாறி, அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டன.